ரங்கூன் தழும்பு

சீனி முகம்மது சட்டையைத் தூக்கி, தொப்புளுக்கு வலப்பக்கம் ஒரு சாண் நீளத்துக்கு ஓடிய தழும்பைக் காட்டினார். வலியில் முகம் கோணிக் கிடந்தாலும் பெருமைக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.

“ரங்கூன்ல வெள்ளைக்கார டாக்டர் கிழிச்சது. தேங்காய் அளவுக்குக் கட்டி எடுத்தான். எங்க ஊரு ஜெலுத்தோங்ல யாரைக் கேட்டாலும் சொல்வாங்க.”

டாக்டர் சந்திரசேகரன் தழும்பை விரலால் தடவிப் பார்த்தார். குடல்வால் பழுத்துவிட்டது, சாயங்காலத்துக்குள் எடுக்காவிட்டால் உள்ளேயே வெடித்து, ஆள் போய்ச் சேர்ந்துவிடுவார். ஆனால் ஒருமுறை திறந்த வயிறு மறுமுறை லேசில் வழிவிடாது. குடல் ஒன்றோடொன்று ஒட்டி, தழும்பின் அடியிலும் போய் ஒட்டிக் கிடக்கும். கத்தி பட்டுக் கிழிந்தால் தைத்து மாளாது. போன வருஷம் அப்படி ஒருவரைப் பறிகொடுத்தவர் அவர்.

“தையல் போட்ட தடமே இல்லையே?”

“வெள்ளைக்காரத் தையல்லா, டாக்டரே. கண்ணுக்குத் தெரியாது.”

“இது எந்த வருஷம்?”

“ஜுருங்கிற ஊர்ல எனக்கு ரெண்டாவது கல்யாணம் பேசி முடிச்ச வருஷம். ஆப்பரேஷன் வந்துதான் அது நின்னுபோச்சு.” சீனி முகம்மது பெருமூச்சு விட்டார்.

மனைவி காமாரியா கட்டில் பக்கத்தில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். அவர்களுடைய சாப்பாட்டுக் கடைக்கு ஆடு உரிப்பது அவள்தான். அவள் கை பட்டால் தோல் தனியாக வரும், கறியில் ஒரு கீறல் இருக்காது என்று டாக்டரே கேள்விப்பட்டிருக்கிறார்.

“அம்மா, நான் கத்தி வைக்கமாட்டேன். ஒட்டின குடலை வெட்டிட்டா இவர் பிழைக்கமாட்டார். ஐஸ் வெச்சுப் பார்ப்போம்.”

“வெட்டாட்டி பிழைச்சுருவாரா?”

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

சீனி முகம்மதின் பெருமை மளமளவென்று இறங்கியது. வாயைத் திறந்தார். பெண்டாட்டியைப் பார்த்தார். மூடிக்கொண்டார். உயிரா மானமா என்று வந்தால் சில ஜென்மங்கள் மானத்தைத்தான் கட்டிக்கொண்டு அழும், கர்மம்.

காமாரியா எழுந்து போய் வெற்றிலையை ஜன்னலுக்கு வெளியே துப்பிவிட்டு வந்தாள்.

“பயப்படாம வெட்டுங்க, டாக்டர். நான் அன்னிக்குத் தோலோட நிறுத்திட்டேன்.”