கத்தரிக்கோலுக்குத் தப்பிய சங்குப்பூ

பல் துலக்குகிறான், பால் காய்ச்சுகிறான், பால்கனியில் தானே விதை போட்டு வளர்த்த சங்குப்பூக் கொடிக்கு ஒரு குவளை தண்ணீர் ஊற்றுகிறான். கம்பி முழுக்க நீலம். கருவண்டு ஒன்று பழைய ஸ்கூட்டர்போல உறுமிக்கொண்டு பூப்பூவாகத் தலையை நுழைக்கிறது. மனைவி இறந்த இந்த நாலு மாதத்தில் அந்த வீட்டுக்கு நாள் தவறாமல் வரும் ஒரே விருந்தாளி அதுதான். கீழ்வீட்டு அக்கா தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு, கையில் கத்தரிக்கோலோடு மூச்சிரைக்க மேலே வருகிறாள். "தம்பி, உங்க வண்டு எங்க வீட்டுக்காரர் வழுக்கையில உக்காந்துடுச்சு. மனுஷன் அரை மணி நேரமா பிள்ளையார் மாதிரி அசையாம இருக்காரு. இன்னிக்கு இந்தக் கொடியை வெட்டிட்டுத்தான் மறுவேலை!" கத்தரிக்கோல் வாயைப் பிளக்கிறது. "அவ கடைசியா பேசினதே இந்தக் கொடியைப் பத்தித்தான், அக்கா" என்கிறான். கத்தரிக்கோல் மூடிக்கொள்கிறது. அக்கா துண்டால் மூக்கைத் துடைக்கிறாள். "மகராசி! அப்ப இருந்துட்டுப் போகட்டும். அவருக்கு ஒரு தொப்பி வாங்கிக் குடுத்துடறேன்." படியிறங்கும் செருப்புச் சத்தம் ஓயும்வரை அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் சொன்னது இதுதான்: "நான் வீட்டுக்கு வர்றதுக்குள்ள அந்தக் கொடியை வெட்டிப் போடுங்க. துணி காயப்போட இடம் வேணாமா?"