சந்தனம் வைத்த செல்போன்கள்

எதையும் அச்சு அசலாக நகலெடுத்துத் தரும் கடைகள் தெருவுக்குத் தெரு வந்துவிட்டன. அதனால் பழம்பொருளுக்கு இப்போது அழகால் விலை வருவதில்லை. ஆண்டுக்கணக்கில் படிந்த அழுக்குக்குத்தான் விலை. அதை மட்டும் நகலெடுக்க முடியாது.

இது ஞானவேலுக்குத் தெரியாது. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக, சேர்த்துவைத்த பழைய செல்போன்களை விற்க நினைத்தார். நல்ல விலை வரட்டும் என்று, மனைவி செங்கமலம் ஆயுத பூஜைதோறும் அவற்றுக்கு வைத்த சந்தனம், குங்குமத்தையெல்லாம் சுரண்டித் துடைத்துப் பளபளப்பாக்கினார்.

மதிப்பிட வந்த ஜெசிந்தா ஒவ்வொன்றையும், அழுக்கின் வயதை அளக்கும் தன் விளக்கின் ஒளியில் காட்டினாள்.

“பழைய அழுக்கே இல்ல, எல்லாம் நகல் விலைக்குத்தான் போகும் சார்.”

“இப்பவே சந்தனம் வெச்சுரட்டுமா?”

“இன்னைக்கு வெச்சதுக்கு இன்னைக்கு வயசுதான் சார்.”

செங்கமலம் பூஜை அலமாரியிலிருந்து ஒரு போனை எடுத்துவந்தாள். பொத்தான் இடுக்குகளில் சந்தனம் இறுகிக் கிடந்தது.

“இவரு தொடைக்க ஆரம்பிச்சதுமே இத ஒளிச்சுட்டேன்மா.”

விளக்கு பச்சையாக மாறியது. அந்த ஒன்றே கட்டணத்துக்குப் போதும் என்றாள் ஜெசிந்தா.

“போன்ல ஏன்டி அப்புறேன்னு வருஷா வருஷம் கத்துனேன்” என்றார் ஞானவேல்.

“இந்த வருஷம் உங்க நெத்தியிலயும் அப்புறேன். தொடைக்காம இருங்க, வெல ஏறும்.”