மூன்றாம் கேபின்

உத்தமபாளையம் பிரவுசிங் சென்டரில் அன்றைக்கு மூன்று பேர் இருந்தோம். கல்லாவில் கடைக்காரர் சிக்கந்தர் அண்ணன். மேசைக்கடியில் குத்தவைத்து நான். மூன்றாம் கேபினில் மடியில் பிள்ளையோடு மதீனா அக்கா.

திரையில், தம்மாமிலிருந்து, அவருடைய கணவர் அப்சல்.

பிள்ளை பெற்ற நாற்பது நாள் கழித்து அக்கா வெளியே வந்த முதல் நாள். அப்சல் இதுவரை பிள்ளையைப் பார்த்ததில்லை. பிள்ளையோ தூங்கிக்கொண்டிருந்தது.

"முழிக்கட்டும் மதீனா. கண்ணைப் பாத்துட்டு வச்சிர்றேன்."

பேச்சு அடிக்கடி அறுந்துபோகிறது என்றுதான் அண்ணன் நெட் கம்பெனி ஆளான என்னை வரவழைத்திருந்தார். மோடம் ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச் பெட்டியில், கேபின்கள் இன்னொரு பெட்டியில். நடுவே இரண்டு கேபிள் போட்டு ஒன்றாகச் சேர்த்திருந்தேன்; கேபின்களுக்கு நெட் வர வேறு வழி இல்லை. வேகம் கூடும், ஒன்று போனாலும் மற்றது இழுத்துக்கொண்டு போகும்.

சோதிக்க ஒன்றைப் பிடுங்கினேன்.

"படம் நிக்குதாக்கா?"

"இல்லப்பா. மச்சான் பேசிக்கிட்டுத்தான் இருக்காக."

"ஏலே, ரெண்டு கேபிளுக்கா இம்புட்டு நேரம்? ஒரு பிரசவமே முடிஞ்சிருக்கும்" என்றார் அண்ணன்.

சிரித்துக்கொண்டே மற்றதையும் பிடுங்கினேன்.

"இப்ப?"

"பேசுறாக."

அப்புறம்தான் கவனித்தேன். முதல் கேபிளை நான் திருப்பிச் செருகவில்லை. இரண்டும் என் கையில் இருந்தன.

ஆளில்லாத மற்ற கேபின்களில் இணைப்பு போய்விட்டிருந்தது. மூன்றில் மட்டும் அப்சல் முன்னால் குனிந்து பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதறிச் செருகப் போனேன். கல்லாவில் போன் அடித்தது. அண்ணன் எடுத்தார். வைத்துவிட்டு மேசைக்கடியில் என் பக்கம் குனிந்தார்.

"தம்மாம்லருந்து. அப்சலோட ரூம்ல இருக்கவன் பேசுனான். அப்சல் விடியக்காலையே மௌத்தாயிட்டானாம், உசுரு இல்லையாம்."

எனக்கு மட்டும் கேட்கிற குரல்.

"செருகாதலே. பிள்ளை முழிக்கட்டும்."

மத்தியான மின்வெட்டு நெருங்கிக்கொண்டிருந்தது. கரண்ட் போனால் கடையின் பழைய பேட்டரி பிள்ளை முழிக்கும்வரை தாங்காது. சின்னமனூரில் எங்கள் கம்பெனி ஸ்டோரில் வேறு பேட்டரி இருக்கிறது. ஆனால் எழுதிக் கொடுக்காமல் ஸ்டோர்காரர் பால்பாண்டி ஒரு ஆணிகூடத் தரமாட்டார்.

எழுதினேன். பெரிய பேட்டரி ஒன்று, அடுத்த பஸ்ஸிலேயே அனுப்பவும்.

காரணம் எழுதியே ஆகவேண்டும். கொஞ்சம் யோசித்தேன்.

'வாடிக்கையாளர் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்.'

கவரை ஒட்டி, சின்னமனூர் பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தேன்.