முதல்ல ஒரிஜினல்

"முதல்ல ஒரிஜினல், கூட்டம் சேர்ந்ததும் ரீமிக்ஸ். புதுப் பாட்டு எது வந்தாலும் இங்க அதான் வழக்கம்" என்று சொல்லிவிட்டு, டி.ஜே. இரண்டு பென் டிரைவ்களையும் மேஜைமேல் வைத்தார். இரண்டும் ஒரே மாதிரி கறுப்பு. மேலே ஒட்டியிருந்த ஸ்டிக்கர்தான் அடையாளம்.

ஒரிஜினலுக்குச் சொந்தக்காரனான பாட்டுக்காரன் மூடியிருந்த ஹால் கதவைப் பார்த்தான். கதவைத் திறந்ததும் யார் இருக்கப் போகிறார்கள்? கூல்டிரிங்க்ஸ் எங்கே என்று தேடும் நாலு பேர், உட்கார நாற்காலி தேடும் நாலு பேர். அவர்களா ஆடப் போகிறார்கள்?

"கொஞ்சம் மாத்திப் போடக் கூடாதா சார்?"

"நல்லாருக்கே! ஆடியோ கம்பெனி அம்மா என்ன சொல்லியிருக்காங்க? 'நான் கேட்டு முடிவு பண்ண மாட்டேன், ஜனங்க கால் முடிவு பண்ணட்டும்'னு. எதுக்கு ஆடுறாங்களோ அது வெள்ளிக்கிழமை ரிலீஸ். இன்னொண்ணு டிராயருக்குள்ள. நான் நடுவுல புகுந்து மாத்தினா என் பொழப்பு போயிடும்."

"நீங்க ரெண்டையும் கேட்டீங்களா?"

"கேட்க மாட்டேன். ஜனங்களோட சேர்ந்து நானும் புதுசா கேட்டாத்தான் எனக்குக் கை ஓடும்" என்றவர், டீ குடிக்க வெளியே போனார்.

பகலெல்லாம் லிஃப்ட் பழுது பார்த்துவிட்டு, வீட்டுச் சின்ன அறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஹவுஸ் மியூசிக் என்கிற டான்ஸ் பாட்டு கோக்கிறவன் அவன். எத்தனையோ பாட்டு போட்டாகிவிட்டது, ஒருத்தரும் சீந்தவில்லை. கம்பெனி வாங்கிய முதல் பாட்டு இதுதான். வாங்கிய கையோடு, "இதுக்கு ஒரு ரீமிக்ஸ் வேணுமே" என்று கேட்டு, அதைக் கொண்டுபோய் அவன் மச்சினனிடமே கொடுத்துவிட்டார்கள். அந்தப் பொடியன் வேலை கற்றதே இவன் கம்ப்யூட்டரில்தான்! பாட்டைப் பிரித்து மேய்ந்து, தாளத்தை மாற்றி, ஒரு புதுசையே செய்து வைத்திருந்தான். அது நன்றாக வேறு இருந்து தொலைத்தது.

போன் அடித்தது. மனைவி. அவன் மூலைக்கு நகர்ந்தான்.

"என்னங்க, ஆரம்பிச்சாச்சா?"

"இன்னும் இல்ல."

"குரலே சரியில்லையே. ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"எங்க இறங்குது!"

"இந்தப் பாட்டும் வரலைன்னா ரூமைக் காலி பண்ணிப் பாப்பாவுக்கு விட்டுடறேன்னு சொன்னது நீங்கதான். நான் ஒண்ணும் கேட்கல."

"தெரியும்டி."

"எனக்கென்ன, எது ஜெயிச்சாலும் என் குரல்தானே!" என்று சிரித்துவிட்டு வைத்தாள்.

அதுவும் உண்மைதான். ஒருநாள் அவன் கூப்பிட்ட கூப்பாட்டுக்குச் சமையலறையிலிருந்து அவள் போட்ட "இருங்க, வர்றேன்!" மைக்கில் விழுந்துவிட்டது. அவன் பாட்டு ஆரம்பிப்பதே அதில்தான். மச்சினன் அதைத் தூக்கி நடுவில் போட்டுவிட்டு, முதலில் வெறும் தாளத்தை ஓடவிட்டிருந்தான்.

திரும்பிப் பார்த்தால், மேஜையருகே மச்சினன். இவனைக் கண்டதும் தூக்கிவாரிப் போட்டது அவனுக்கு.

"என்ன மாப்ள, இங்க என்ன பண்ற?"

"ஒண்ணுமில்ல மாமா. வயர் லூசா இருக்கான்னு பார்த்தேன்."

"பாத்தாச்சா?"

"பாத்தாச்சு மாமா" என்றவன் முகத்தைக்கூடப் பார்க்காமல் நழுவினான்.

ஜெயிக்கப் போகிறவனுக்கு என்ன கூச்சம் வேண்டிக் கிடக்கிறது? பாட்டுக்காரனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேஜையைப் பார்த்தான். வாசலைப் பார்த்தான். டி.ஜே. இன்னும் வரவில்லை. சீச்சீ, இது என்ன புத்தி, ஒரே தட்டில் சாப்பிட்ட பையனாயிற்றே என்று மனசு இடித்தது. இடிக்கட்டும், அந்த ரூம் போனால் திரும்பி வருமா? நகத்தால் ஒரு ஸ்டிக்கரை உரித்தான். நல்ல வேளை, கிழியாமல் நோகாமல் வந்தது. அடுத்ததையும் உரித்து, மாற்றி ஒட்டிவிட்டு, சுவரோரம் போய்ப் பூனை மாதிரி நின்றுகொண்டான்.

கதவு திறந்தது. எண்ணிப் பார்க்கிற அளவுக்குத்தான் ஆட்கள். கம்பெனி அம்மா கையைக் கட்டிக்கொண்டு வாசலோரம் நின்றார். டி.ஜே. வந்தார், 'ஒரிஜினல்' என்று ஒட்டியிருந்ததை எடுத்துச் செருகினார்.

பாட்டுக்காரன் மூச்சைப் பிடித்துக்கொண்டு, வெறும் தாளத்துக்காகக் காத்திருந்தான்.

"இருங்க, வர்றேன்!"

காலி ஹாலில் மனைவியின் குரல் கணீரென்று எதிரொலித்தது. அவன் பாட்டேதான்! ஒருத்தர்கூட ஆடவில்லை. ஒரு பெண் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கம்பெனி அம்மா கடிகாரத்தைப் பார்த்தார்.

பேயறைந்த முகத்தோடு ஓடி வந்தான் மச்சினன்.

"மாமா, இது எப்படி மாமா? நீங்க போன்ல பேசிட்டிருந்தப்போ நான் ரெண்டு ஸ்டிக்கரையும் மாத்தி ஒட்டினேனே! கூட்டம் ரொம்பினதும் உங்க பாட்டுதான் வரணும்னு..." என்றவன் மேஜைப் பக்கம் கையை நீட்டினான். "யாரோ ஒரு பாவி திரும்ப மாத்தி வச்சிருக்கான் மாமா!"

பாவி, விரலில் இன்னும் பிசுபிசுத்த பசையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டே, ஆமாம் என்பது போலத் தலையை ஆட்டினான்.