சிவப்புக் குழாய்

"ஹீட்டரை நிறுத்தித்தான் வச்சிருக்கேன் தம்பி. நீலக் குழாயைத் தொறந்தாலும் கொதிக்குது, சிவப்புக் குழாயைத் தொறந்தாலும் கொதிக்குது. அது எப்படிங்கிறேன்?"

அமீரகத்து அஜ்மானில் ஓர் ஆகஸ்ட் மாதப் பகலில் மரியம் இப்படிக் கேட்டாள். கேட்டது அருள்முருகனிடம். மின்சார அலுவலகம் வீடு வீடாக ஆள் அனுப்பி, கரண்ட் எங்கே வீணாகிறது என்று இலவசமாகப் பார்த்துச் சொல்லத் தொடங்கியிருந்த வருடம் அது. அப்படி வந்திருந்த அவன் அதற்குள் நான்கு குண்டு பல்புகளைக் கழற்றிவிட்டு சி.எஃப்.எல். மாட்டியிருந்தான். ஏசி ஃபில்டரைத் தட்டி, விழுந்த தூசியைக் காட்டியிருந்தான்.

"நிறுத்தின ஹீட்டர் தண்ணியைச் சுட வைக்காதே அக்கா."

"நான் நிறுத்துறேன். இவ போடுறா. அதான் விஷயம்."

இவள் என்றது ராதிகாவை. மரியம் வீட்டார் அந்த ஃப்ளாட்டின் இரண்டு அறைகளில் ஒன்றை ராதிகாவின் குடும்பத்துக்கு ஷேரிங்கில் விட்டிருந்தார்கள். குளியலறை இரு குடும்பத்துக்கும் பொது. ராதிகா அறை வாசலில் எட்டு மாதக் குழந்தையோடு நின்றிருந்தாள். குழந்தையின் கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு சிவந்து கிடந்தது.

"வெள்ளிக்கிழமை ரூமைக் காலி பண்ணச் சொல்லிட்டேன். இவ வீட்டுக்காரர் வாசுகிட்டயும் சொல்லியாச்சு. கலாஸ், பேச்சு முடிஞ்சுச்சு."

"இந்த வெயில்ல கைப்பிள்ளையோட எங்கக்கா போவோம்?"

"ஸ்விட்ச்சுல கை வைக்கும்போது அது தெரியலையா? நேத்து என் ரெண்டு கண்ணால பார்த்தேன்ல?"

"அழுத்துனேன்தான்க்கா. இல்லைன்னு சொல்லலை. ஆனா..."

"கேட்டுக்கிட்டீங்களா தம்பி? அவ வாயாலயே சொல்லிட்டா. புள்ளைக்குத் தண்ணி பிடிக்கிறதும் சிவப்புக் குழாயிலதான். ஆகஸ்ட் மாசத்துல! புள்ளையைக் குளிப்பாட்டுறாளா, அவிக்கிறாளா?"

ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று சொல்ல வாய்ப்புக் கிடைத்தால் அருள்முருகன் விடமாட்டான்.

"அக்காவுக்கு இங்க இதுதான் முதல் கோடையா?"

"ஆமா. ஜனவரியிலதான் கீழக்கரையிலேர்ந்து வந்தேன்."

"அதான். நீலக் குழாய்க்கு மொட்டை மாடித் தொட்டியிலேர்ந்து நேரா தண்ணி வருது. தொட்டி நாள் பூரா வெயில்ல நிக்குது. அந்தத் தண்ணியைக் காய வைக்கிறது சூரியன். ஹீட்டருக்கு அதுல வேலையே இல்லை. சிவப்புக் குழாய்க்கும் அதே தண்ணிதான். ஆனா அது முதல்ல வீட்டுக்குள்ள, ஹீட்டர் டாங்க்குல தங்கிட்டு வருது. ஹீட்டரை அணைச்சு வச்சா ஏசிக் குளிர்ல அந்தத் தண்ணி மெல்ல ஆறிடும். இந்த ஊர்ல கோடையில பச்சத்தண்ணி வேணும்னா சிவப்புக் குழாயைத்தான் தொறக்கணும்."

மரியம் விடவில்லை.

"சரி. அப்ப சிவப்பு ஏன் கொதிக்குது? இவ போட்டதாலதானே?"

அருள்முருகனுக்கு அதுதான் இடித்தது. சிவப்புக் குழாயில் பச்சத்தண்ணீர் தேடுகிற பெண் எதற்காக ஹீட்டரைப் போடுவாள்?

குளியலறைக்கு வெளியே சுவரில் இருந்த ஸ்விட்சைக் குனிந்து பார்த்தான்.

"இதுல சிவப்பு லைட் எரியாதா?"

"பழைய ஸ்விட்ச் கருகிப் போச்சுன்னு போன மாசம் அவுகளே புதுசு வாங்கி மாட்டுனாக. எலக்ட்ரீஷியன் எதுக்குன்னு கேட்டாக. நல்லாத்தான் மாட்டியிருக்காக, லைட்டு மட்டும் எரியலை." கணவர் சதக்கத்துல்லாவைத்தான் அவள் 'அவுக' என்றாள்.

"இப்ப ஹீட்டர் நின்னுதானே இருக்கு?"

"காலையில பார்த்தா போட்டுக் கிடந்துச்சு. நான்தான் நிறுத்தினேன்."

அவன் ஏசி, ஃப்ரிட்ஜ், விளக்கு எல்லாவற்றையும் ஃப்யூஸ் பெட்டியில் நிறுத்தினான். ஹீட்டர் இணைப்பை மட்டும் விட்டுவைத்தான். சிவப்புக் குழாயைத் திறந்து இரண்டு பக்கெட் சுடுதண்ணீரை வெளியேற்றினான்.

"டாங்க் சூடா இருந்தா ஹீட்டர் தானா நின்னுக்கும். இப்பப் புதுத் தண்ணி ஏறும். கரண்ட் இருந்தா வேலை செஞ்சே ஆகணும். ராதிகா, நீங்க ஸ்விட்ச் பக்கத்துல நில்லுங்க. நான் சொன்னதும், எப்பவும் அழுத்துற மாதிரி அழுத்துங்க. அக்கா, நீங்க என்கூட மீட்டருக்கு வாங்க."

மீட்டர் வாசலுக்கு வெளியே, வராந்தாச் சுவரில் இருந்தது. கண்ணாடிக்குள் தகடு விறுவிறுவென்று சுற்றிக்கொண்டிருந்தது.

"பார்த்தீங்களா? அதுக்குள்ள போட்டுட்டா!" என்றாள் மரியம்.

"அவங்க இன்னும் அழுத்தலையே அக்கா." அவன் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான். "ராதிகா, இப்ப அழுத்துங்க!"

உள்ளே 'டக்' என்று சத்தம் கேட்டது. தகடு நின்றது.

குழந்தையோடு ராதிகா வாசலுக்கு வந்தாள். "இதைத்தாண்ணே சொல்ல வந்தேன். ஸ்விட்ச்சைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. எப்படி வச்சா தண்ணி ஆறுதுன்னு கையை வச்சுப் பார்த்தேன், அவ்வளவுதான்."

"ஸ்விட்சைத் தலைகீழா மாட்டியிருக்காங்க அக்கா. வழக்கத்துக்கு மாறா இதுல மேல அழுத்தினா ஹீட்டர் ஓடும், கீழ அழுத்தினா அணையும். ஒரு மாசமா ராதிகா அணைச்சுக்கிட்டேதான் இருந்திருக்காங்க. ஒவ்வொரு தடவையும் ஓடிப்போய்ப் போட்டது நீங்க."

ஸ்விட்ச் கீழ்ப்பக்கம் அழுந்தியபடியே அதன் மேல் டேப் ஒட்டப்பட்டது. வெள்ளிக்கிழமை காலை சிவப்புக் குழாயில் பச்சத்தண்ணீர் வந்தது. குழந்தைக்காக அதன் கீழே பக்கெட்டை வைத்தவள் மரியம்.