கூடுதுறைப் பரிசல்

பவானி ஊர் இரண்டு ஆறுகளுக்கு நடுவே ஒடுங்கிக்கொண்டே போய்க் கூடுதுறையில் முடிந்துவிடும். அதற்கப்பால் தண்ணீர்தான். 1994 ஆடியில் சசிதர் அங்கே பரிசலில் போய், அப்பா வெங்கடபதியின் அஸ்தியை நடு ஆற்றில் கரைத்தான். கரைத்தபின் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பார்கள். அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை, பார்த்துவிட்டான்.

கரைக்குத் திரும்பும்போது பரிசலில் அவனும் பரிசல்காரரும் மட்டுமே. ஆனால் ஆளில்லாத எதிர்ப்பக்கம் தண்ணீரில் தாழ்ந்தே வந்தது.

“திரும்பிப் பாத்துப்போட்டீங்களா?” என்றார் பரிசல்காரர்.

“அப்பாவுக்கு நீச்சல் தெரியாதுங்க.”

அவர் துடுப்புப் போட்டார். கரை வந்ததும், சசிதர் பக்கம் திரும்பாமல் அந்தக் காலிப் பக்கமாகக் கையை நீட்டினார்.

“பாத்து எறங்குங்க. படி வழுக்குமுங்க.”

பரிசல் சட்டென்று சசிதர் பக்கம் சாய்ந்தது.