எங்க வீட்டுச் சுத்தம்

காலிங் பெல் அடிச்சதும் போய்க் கதவைத் திறந்த என் வீட்டுக்காரி அப்படியே நின்னுட்டா.

வாசல்ல எங்க பொண்ணு கட்டிக்கணும்னு ஆசைப்படுற பையன். மணிக்கட்டு வரைக்கும் கறுப்பு கிரீஸ். ரெண்டு கையையும் மேலே தூக்கிக்கிட்டு, போலீஸ்கிட்ட மாட்டின திருடன் மாதிரி நிக்கிறான்.

மோட்டார் மெக்கானிக்குன்னு பொண்ணு முன்னாடியே சொல்லியிருந்தா. அதுக்காக, பொண்ணைப் பெத்தவங்களை முதல் தடவை பார்க்க வரும்போது தொழிலைக் கையில பூசிக்கிட்டா வருவாங்க? எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. பொண்ணு முகம் சுண்டிப்போச்சு.

இந்த இடத்துல எங்க வீட்டைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். நாங்க எல்லாருமே சுத்தம் பார்க்கிறவங்கதான். ஆனா ஆளுக்கொரு சுத்தம்.

நான் ஒரு ஆபீஸ் கேன்டீன்ல சமையல்காரன். எனக்குச் சுத்தம்னா, மதியம் முடியும்போது பாத்திரம் சுத்தமா காலியாகியிருக்கணும். பொண்ணு பாட்டு டீச்சர். அவளுக்குச் சுத்தம்னா சுருதி. அவ ரூம் குப்பைமேடா கிடந்தாலும் கவலைப்பட மாட்டா, பக்கத்து வீட்டு காலிங் பெல் சுருதி இறங்கி அடிச்சா தலைவலின்னு படுத்துடுவா. இந்தப் பையனை அவளுக்குப் பிடிச்சுப்போனதே, எஞ்சின் சத்தத்தைக் கேட்டே எந்த இடத்துல கோளாறுன்னு சொல்றான்னுதான்.

வீட்டுக்காரி ஆஸ்பத்திரியில ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். அவ சுத்தம்தான் வீட்டுக்குச் சட்டம். வெளியில இருந்து யார் வந்தாலும், என் கூடப் பிறந்த அண்ணனே வந்தாலும், முதல்ல பாத்ரூம் வாஷ்பேசின்தான். குழாய்கூட தியேட்டர்ல இருக்கிற மாதிரி நீளமான கைப்பிடி வெச்சது. விரலால தொடக்கூடாது, முழங்கையாலதான் திறக்கணும். நான் இன்னிக்கு வரைக்கும் மறந்துபோய் விரலால திறந்து வாங்கிக் கட்டிக்கிறேன்.

அம்மா சம்மதிக்காம இந்தக் கல்யாணம் வேண்டாம்னு பொண்ணு தீர்மானமா சொல்லியிருந்தா. அதனால வீட்டுக்காரி சரின்னா சரி, இல்லைன்னா இல்லை. நான் ஒப்புக்குச் சப்பாணி.

பையன் வாசல்ல நின்னுக்கிட்டே மன்னிப்புக் கேட்டான். வழியில ஒரு குடும்பத்தோட கார் நடுரோட்டுல நின்னுபோச்சாம், உள்ள குழந்தை அழுதுச்சாம், பார்த்துட்டுப் பேசாம வர மனசு கேட்கலையாம். நல்ல மனசுதான்னு நான் வாயைத் திறந்தேன். வீட்டுக்காரி பார்த்த பார்வையில மீதியை முழுங்கிட்டேன்.

"முதல்ல போய்க் கையைக் கழுவிட்டு வாங்க தம்பி."

குரல்ல ஈரப்பசையே இல்லை. போச்சுடான்னு நினைச்சுக்கிட்டேன்.

அப்பதான் அந்த அதிசயம் நடந்துச்சு. பையன் பாத்ரூம் கதவைத் தோளால தள்ளினான். குழாயை முழங்கையால திறந்தான். நகக்கண், விரல் இடுக்கு, மணிக்கட்டுன்னு ஒரு இடம் விடாம தேய்ச்சான். முழங்கையாலேயே குழாயை மூடினான். பக்கத்துல தொங்குன துண்டைத் தொடவே இல்லை. கையை வாஷ்பேசினுக்குள்ளேயே உதறிட்டு, நெஞ்சுக்கு நேரா தூக்கிப் பிடிச்சுக்கிட்டு வந்து, எதையும் பிடிக்காம சோபா நுனியில உட்கார்ந்தான்.

கிரீஸ் என்னமோ பாதிதான் போயிருந்துச்சு. அதெல்லாம் வீட்டுக்காரி கண்ணுல படவே இல்லை. புதுசா சேர்ற நர்ஸ்களுக்கு இதைத்தான் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுபோனவ அவ. நீ டிரெயினிங் குடுத்தியாடின்னு பொண்ணோட காதுல கிசுகிசுத்தா. இல்லவே இல்லைன்னு அவ தலையை ஆட்டினா.

வீட்டுக்காரிக்கு வாயெல்லாம் பல்லு. "தம்பி, கையில எதுவும் பட்டுடக்கூடாதுன்னு எவ்வளவு கவனமா இருக்கீங்க. எங்க டாக்டருங்களே சில நேரம் கோட்டை விட்டுடுவாங்க. யார் பழக்கிவிட்டது?"

பையன் திருதிருன்னு முழிச்சான். யாரோ ஒரு டாக்டர் பேரைச் சொல்லியிருந்தா அந்த நிமிஷமே கல்யாணம் நிச்சயம். எதையாவது சொல்லித் தொலையேன்டான்னு நான் கண்ணைக் காட்டினேன். அவன் என்னைப் பார்த்தாத்தானே.

"அப்படி இல்லீங்கம்மா. என் கையில எது பட்டா என்ன ஆகப்போகுது? என் கை எது மேலயும் பட்டுடக்கூடாது, அவ்வளவுதான். இந்த கிரீஸ் ஒட்டினா லேசுல போகாது. அடுத்தவங்க வண்டி சீட்டுல ஒரு விரல் பட்டாலும் அவங்களுக்குத்தானே கஷ்டம். அதே பழக்கம் உங்க வீட்டுலயும் வந்துடுச்சு."

பொண்ணு மூச்சைப் பிடிச்சுக்கிட்டு அம்மாவையே பார்த்தா.

வீட்டுக்காரி எழுந்து போய் அவன் பக்கத்துல உட்கார்ந்தா. அவன் கையை எடுத்துத் தன் ரெண்டு கைக்குள்ள வெச்சுக்கிட்டா. வேண்டாம்மா, ஒட்டிக்கும்னு அவன் பதறிப்போய் இழுத்தான். அவ விடலை.

கொஞ்ச நேரம் கழிச்சு, கண்ணைப் புறங்கையால துடைச்சுக்கிட்டு எழுந்தா.

"மாப்பிள்ளைக்குக் காபி கொண்டு வரேன்."

சொல்லிட்டு நேரா சமையல்கட்டுக்குள்ள நுழைஞ்சா. நானும் பின்னாடியே போனேன். உள்ளங்கை ரெண்டுலயும் கிரீஸ் ஈஷியிருக்கு, மகராசி அதோட டம்ளரை எடுக்கப் போறா.

கல்யாணமான நாள்லேர்ந்து முதல் தடவையா நான் அவகிட்ட சொன்னேன்.

"முதல்ல போய்க் கையைக் கழுவு."